நட்பைக் கொல்வது வறுமையா?

வறுமை வந்தால் நட்பு விலகும் என்கிறோம். இலக்கியம் வேறு சாட்சி சொல்கிறது. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலில், விலை சரியக் கூடாதென்று ஆரஞ்சுப் பழக் குவியலில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்த ஏழைப் பெண்ணோ, பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் அறியாதவருக்குத் தாய்ப்பால் தருகிறாள். வைகை அணைக்காக ஊரையே இழந்தவர்களின் கதையான வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்திலும் வறண்டது நிலம்தான், நாயகன் பேயத்தேவரின் மனசு அல்ல.

பசித்தவன் பறிக்க மாட்டானா என்று கேட்கலாம். பறிப்பான், ஆனால் வயிறு நிறைந்தால் பசி அடங்கும், பேராசை அடங்காது. நட்புக்குப் பகை பேராசையே. அணைக்காக ஊரை இழந்தவர்களின் மண்ணில் தேங்கும் வைகைத் தண்ணீரைக் குடிக்கும் மதுரைக்காரர்களே, நொடித்துப்போன நண்பரை இன்றே தேடிச் செல்லுங்கள்.