வடம் பிடிக்கும் கை

பெங்களூரு ‘அகம்’ குழு 2012-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’. அதிலுள்ள ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’, தியாகராஜரின் ஹம்ஸநாத கீர்த்தனையான ‘பண்டுரீதி கோலு’தான். ராமனிடம் சேவகன் வேலை கேட்டுக் கெஞ்சுகிற பாட்டு. அதை டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் வைத்துப் புரோகிரஸிவ் ராக் ஆக்கினால் பக்தி எங்கே போச்சு என்று கேட்பவர்கள் உண்டு.

‘தூய்மை கெட்டுப்போச்சு’ என்ற புகார் எனக்கு ஒப்பவில்லை. கச்சேரி மேடையின் வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். அதனால் சங்கீதம் செத்துவிடவில்லை.

இன்னொரு கேள்விதான் லேசில் விடாது. நம்பிக்கை இல்லாத நான், ஒருத்தர் உருகிக் கேட்ட வரத்தை ஹெட்போனில் வெறும் கிளர்ச்சியாக அனுபவிக்கலாமா?

எங்கள் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் ஆடித்தேரைப் பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். இன்று துணைநிலை ஆளுநர். ஆக, வடம் பிடிக்க நம்பிக்கை நிபந்தனை இல்லை. நிபந்தனை வேறு: தேர் போகும் வீதியை இழுப்பவர் முடிவு செய்ய முடியாது. இழுத்த தேர் நிலைக்கு வந்து சேரணும்.

அகத்தின் பாட்டையும் அப்படித்தான் எடைபோடுகிறேன். கிதார் எவ்வளவு ஓடினாலும் ஹம்ஸநாதம்தான் வீதி, பல்லவிதான் நிலை. கேட்கிற எனக்கும் அதே விதி. பக்தி வராவிட்டால் பரவாயில்லை. ஆனால் அந்தத் தெலுங்கு வரிகள் என்ன கேட்கின்றன என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் தலையாட்டிவிட்டுப் போவது, வடத்தைத் தொட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி.