மச்சான் இல்லாத கடல்

கடலுக்குள் மூழ்குவதற்குக்கூட சர்டிபிகேட் தருகிறார்கள். புதுச்சேரியில் தருகிறார்கள், அந்தமானில் தருகிறார்கள். மூன்று நான்கு நாள் பயிற்சி, ஒரு பரீட்சை, முதுகில் காற்று சிலிண்டரோடு கடலில் நான்கு முறை இறக்கம். தேறினால் உங்கள் பெயர் போட்ட ஒரு கார்டு. அதைக் காட்டி உலகத்தின் பெரும்பாலான ஸ்கூபா மையங்களில் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். இந்தக் கார்டு தரும் அமைப்புகளில் பிரபலமானதன் பெயர் பாடி. 1966ல் அமெரிக்காவில் தொடங்கியது. சென்னையில் லூகாஸ் பக்கத்தில் இருக்கிற பாடி அல்ல.

“மூழ்கறதுக்கு எதுக்கு சார் சர்டிபிகேட்? கல்லைக் கட்டிக்கிட்டு குதிச்சா தானா மூழ்கிட்டுப் போறோம்!” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

பரீட்சையைப் பார்த்தால் பெரிய வீரதீரம் எதுவும் கேட்பதில்லை. 200 மீட்டர் நீந்த வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் மிதக்க வேண்டும். தண்ணீருக்கடியில், கண்ணில் மாட்டிய மாஸ்க்கில் தண்ணீரை நிரப்பி, மூக்கால் ஊதி வெளியே தள்ள வேண்டும். வாயில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, கையால் துழாவி எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: மூச்சைப் பிடிக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். பயந்தவன் முதலில் செய்வது மூச்சைப் பிடிப்பதுதான். ஆக, பயிற்சி என்பது பாதிக்கு மேல் பயப்படாமல் இருக்கப் பழகுவது.

சரி, இதெல்லாம் அவரவர் உயிரைக் காத்துக்கொள்ளும் வித்தை. அதற்கு எதற்கு சர்டிபிகேட்? உயிர் உன்னுடையது, உன் பாடு என்று விட்டுவிடலாமே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சுற்றுலா போனவர்கள் ஒரே நாளில் ஸ்கூபா செய்து போட்டோ போடுகிறார்களே, அதற்கு கார்டு வேண்டாம். பயிற்சியாளர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவார். கார்டு வாங்கியவரை யாரும் பிடித்துக்கொண்டு வருவதில்லை. அவருக்கு ஒரு ஜோடி உண்டு. ‘பட்டி’ என்பார்கள். பெரும்பாலும் அன்று காலை படகில்தான் அறிமுகம். பெயர் தெரியும், ஊர் தெரியலாம். 18 மீட்டர் ஆழத்தில் இவருக்கு அவர், அவருக்கு இவர்.

‘மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. மலைச்சரிவில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பவர்களை வைத்து இதற்கு விளக்கம் சொல்வார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டுமாம். சொந்த அண்ணன் தம்பி என்றால் பங்கு, பாகம் என்று மனசு ஒரு நிமிடம் தடுமாறலாம். மச்சான் விடமாட்டான். அவன் கையில் இருப்பது தங்கையின் தாலி.

அட்டகாசமான ஏற்பாடுதான். ஆனால் கவனியுங்கள், இதில் நம்பிக்கையைவிடக் கணக்குதான் அதிகம். கயிற்றைப் பிடிக்கும் மச்சான் நல்லவனா என்று யாரும் கேட்கவில்லை. கயிற்றை விட்டால் அவனுக்கும் நஷ்டம், அவ்வளவுதான்.

கடலில் மச்சான் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு குழாய் இருக்கிறது. ஒவ்வொருவர் சிலிண்டரிலும் மூச்சு விட ஒரு ரெகுலேட்டர் போக, கூடுதலாக இன்னொன்று தொங்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், சட்டென்று கண்ணில் படுகிற மாதிரி. அது முக்கியமாக அவருக்கல்ல. பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. எந்த உறவும் இல்லாத ஒருவருக்காக, தேவையே வராமல் போகலாம் என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் சுமந்துகொண்டு இறங்குகிறார்கள். கொடுத்தால் தன் காற்றும் சீக்கிரம் தீரும். கொடுக்கலாமா என்று அங்கே யோசிக்க நேரமில்லை என்பதால், கரையிலேயே சொல்லிக் கொடுத்துப் பழக்கிவிடுகிறார்கள்.

இப்போது அந்த மெடிக்கல் படிவத்துக்கு வருவோம். பயிற்சிக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இதயக் கோளாறு உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா? ‘ஆம்’ என்றால் உடனே கதவைச் சாத்திவிடுவதில்லை, டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, ஆயிரக்கணக்கில் பணமும் கட்டிவிட்டு வந்தவருக்கு அதற்குப் பொறுமை ஏது? “சின்ன வயசுல வந்த வீசிங்தானே, ‘இல்லை’ன்னு போடு” என்று பக்கத்தில் இருப்பவரே சொல்லிக் கொடுப்பார். என் உயிர், என் ரிஸ்க். யாருக்கு என்ன நஷ்டம்?

நிலத்தில் இந்த வாதம் ஓரளவு செல்லும். தண்ணீரில் செல்லாது. 15 மீட்டர் ஆழத்தில் உங்களுக்கு மூச்சு முட்டினால், உங்களை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், பதற்றத்தில் நீங்கள் பிடுங்கும் ரெகுலேட்டரைத் தடுக்கவும் முடியாமல் தவிக்கப்போவது அந்த ஜோடி. பொய் சொன்னது படிவத்திடம். ஏமாந்தது அவர். அவர் அந்தப் படிவத்தைப் பார்த்ததுகூட இல்லை.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு ஆடிட்டர் ஞாபகம்தான் வருகிறது. ஆடிட்டர் கையெழுத்தை நம்பி ஷேர் வாங்குகிறவர், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராத ஏதோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார். 2009 ஜனவரியில் சத்யம் கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தபோது, அதிகம் அடி வாங்கியது அப்படிப்பட்டவர்கள்தான். எட்டு போடாமலே புரோக்கர் மூலம் வாங்கும் டிரைவிங் லைசென்ஸும் இதே ஜாதி. ஏமாறுவது ஆர்.டி.ஓ. அல்ல, ரோட்டைக் கடக்கிற பாட்டி. சர்டிபிகேட் வைத்திருப்பவரின் பெருமைக்காக அச்சடிப்பதல்ல அது. அவரை அறியாதவருக்கு எழுதிக் கொடுக்கும் வாக்கு.

ஒன்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் பிடிபடாது. நிலத்தில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’. தண்ணீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். யார் காட்டினாலும், எந்தக் காரணமானாலும், காரணமே இல்லாவிட்டாலும், இருவரும் மேலே வர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, படகில் ஏறிய பிறகு கிண்டலும் கூடாது. நீச்சல் குளத்தில் இதைச் செய்து காட்டுவது சுலபம். பணம் கட்டி, ராத்திரி பஸ் பிடித்து, கடல் தெளிய இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் ஒரு ஆமை கண்ணில் படும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் விரலை உயர்த்தினால்? முகம் சுளிக்காமல் கூடவே கிளம்ப வேண்டும். பயமாக இருக்கிறது என்று விரலை உயர்த்துவதற்கு அதைவிட அதிக தைரியம் வேண்டும். பின்வாங்கினால் கோழை என்று சொல்லியே வளர்க்கப்பட்ட நமக்கு இரண்டுமே கஷ்டம்தான்.

அந்தக் கார்டுக்கு காலாவதித் தேதி கிடையாது. அதில் எழுதியிருப்பது இன்னும் உண்மையா என்பதை, படகில் கிடைத்த ஜோடியோடு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நாம்தான் புதுப்பிக்க வேண்டும்.