கைப்பிடி மண், அரை வாளித் தண்ணி

மூலக்கொத்தளம் சுடுகாட்டைத் தெரியாதவர்களுக்கு நடராசன், தாளமுத்து என்ற இரண்டு பெயர்களைச் சொன்னால் போதும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-இல் இறந்த இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அது நினைவிடம் எல்லாம் இல்லை, ஸ்கூலுக்குப் போகிற வழி.

என் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தெருவில் யார் செத்தாலும் போவார். அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் கூட வர நாலு பேர்கூட இல்லாமல் ஒரு பாடை போனால், குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தோள் கொடுப்பார். ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டுத் திரும்புவார்.

"யாரு நைனா அது?"

"தெரியாது."

"அப்பறம் இன்னாத்துக்குப் போன?"

"தெரிஞ்சவனுக்கு ஊரே வரும்டா. இவனுக்கு யாரு வருவா?"

இதற்கு யூத மரபில் ஒரு பெயர் இருக்கிறது: ஹெஸெத் ஷெல் எமெத். உண்மையான கருணை என்று சொல்லலாம். எகிப்தில் சாகக் கிடக்கும் யாக்கோபு, தன்னை அங்கே புதைக்க வேண்டாம் என்று மகன் யோசேப்பிடம் கேட்கிற இடத்திலிருந்து வந்த சொல். உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் உதவியில் மொய்க் கணக்கு மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். செத்தவரால் திருப்பிச் செய்ய முடியாது, அதனால் அது மட்டும்தான் கலப்பில்லாதது என்பது உரைகாரர்களின் வாதம்.

யூதர்கள் எங்கேயோ இருந்தவர்கள் இல்லை. மண்ணடி பவழக்காரத் தெருவின் பெயரே அவர்களால் வந்தது. பவழம் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன வணிகர்கள். அவர்களுடைய கல்லறைக் கற்கள் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் மின்ட் தெருவில் இருந்தன. பிறகு காசிமேட்டுக்குப் போய், 1983-இல் லாயிட்ஸ் சாலைக்குப் போயின. எபிரேயத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு 'வாழ்வின் வீடு' என்று பெயர். அந்தக் கற்களைத் தூக்கி வண்டியில் ஏற்றிய கூலியாட்களுக்கு அதில் இருந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நைனாவுக்கும் தத்துவம் எதுவும் கிடையாது. கேட்டால் "பழக்கம்" என்பார். பழக்கத்தில் செய்வதை நல்ல குணம் என்று சொல்லலாமா? நினைத்து, தேர்ந்தெடுத்துச் செய்தால்தானே அறம்? காலேஜில் இதை வைத்து மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை வேறு மாதிரி பார்க்கிறார். ஆயிரம் காசை ஒரே நாளில் ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு காசாக ஆயிரம் தடவை கொடுப்பது மேல் என்கிறார். வாங்குகிறவர்களைப் பற்றிய கணக்கு இல்லை இது. கொடுக்கிற கையைப் பற்றியது. கை ஆயிரம் தடவை திறந்தால் மனசும் திறக்கக் கற்றுக்கொள்ளும்.

என் தொழிலில் ஒரு வேலையை இரண்டாவது தடவை கையால் செய்தாலே கேவலம், ஸ்கிரிப்ட் எழுதிவிட வேண்டும். நன்கொடையைக்கூட ஆட்டோ டெபிட்டில் போடுகிற கூட்டம் நாங்கள். வாங்குகிற இல்லத்துக்கு அது ரொம்ப நல்லது, மாதா மாதம் பணம் தவறாமல் வரும். எங்கள் கைக்குத்தான் ஒன்றும் நடப்பதில்லை.

ஆனால் கை பழகுவது மட்டும் போதுமா என்று யோசிக்க வைக்கிறது இன்னொரு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லித்துவேனியாவில் குணப் பயிற்சியையே ஓர் இயக்கமாக்கியவர் இஸ்ரேல் சலாண்டர். சாப்பிடுமுன் சடங்காகக் கை கழுவும்போது மற்றவர்கள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள, அவர் மட்டும் சடங்குக்குத் தேவையான குறைந்த அளவை எடுத்தாராம். ஏன் என்று கேட்டதற்கு அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் காட்டினார். தண்ணீரைச் சுமந்து வருவது அவள். அவள் தோளில் ஏறி நின்று பக்தி செய்ய அவருக்கு இஷ்டமில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நைனா ஞாபகம் வரவில்லை, அம்மா ஞாபகம் வந்தது. சாவுக்குப் போய் வந்தவர் தலைக்குக் குளிக்காமல் வாசல் தாண்டக்கூடாது. (யூதர்களும் கல்லறையிலிருந்து திரும்பினால் கை கழுவுகிறார்கள்.) தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் தண்ணி என்றால் லாரி, இல்லையென்றால் அடிபம்பு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் குடமாக வீட்டுக்குக் கொண்டுவந்தது அம்மா. நைனாவின் நல்ல குணத்துக்கு ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் செலவு.

அம்மாவிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க நைனா அரை வாளிக்கு மேல தொட்டதில்ல. ஆனா அந்த அரை வாளிய ஒரு நாளும் தூக்கியாந்ததுமில்ல."

குடும்பத்தைப் பார்த்துக் குணம் வரும் என்கிறார்கள். வரும்தான், ஆனால் பிரித்துப் பிரித்து வராது. முன்பின் தெரியாத பிணத்துக்குத் தோள் கொடுப்பதும் அந்த வீட்டில்தான் நடந்தது, தண்ணிக் குடத்துக்குக் கை கொடுக்காததும் அதே வீட்டில்தான். நானும் தம்பியும் இரண்டையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். சலாண்டர் கதையில்கூட அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, அவளிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

அம்மா மூலக்கொத்தளம் கேட்டைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது. பொம்பளைங்க வரக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். எத்தனையோ பேருடைய சாவுக்கு வாசலில் வாளியை எடுத்து வைத்திருக்கிறார். அதில் பாதிப் பேரின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.