பெயர் தெரியாதவரிடம் பட்ட கடன்

ஒளுச் செய்யும்போது குதிகாலில் ஒரு சிறு இடம் நனையாமல் விடுபட்டாலும் ஒளு நிறைவேறாது என்பதை அறிந்து, மீண்டும் தண்ணீர் எடுத்துக் கழுவுகிறோம். இறைச்சி ஹலாலானதா என்று விசாரித்த பின்னரே அதைப் பாத்திரத்தில் இடுகிறோம். இத்தனை பேணுதல் உள்ள நாம், கடைச் சிப்பந்தியிடமும், தொலைபேசியில் நம் முறையீட்டைக் கேட்க அமர்ந்திருக்கும் பெண்ணிடமும், வாசலுக்கு உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞரிடமும் நம் நாவு பேசிய பேச்சு ஹலாலா, ஹராமா என்று என்றேனும் விசாரித்ததுண்டா?

ரமலான் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் ஜவுளிக்கடைகளில் நிற்க இடமிராது. முப்பது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து வருவது பாவமன்று. வாங்குபவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் எழும்போது, "உனக்கு ஒழுங்காகக் காட்டவே தெரியவில்லை" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு வருகிறோமே, அந்த உரிமையை நமக்கு யார் தந்தார்? விரித்த முப்பதையும் மடித்து அடுக்க வேண்டியவர் அவர். காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர் அவர். கடைப் பணியாளர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். கேரளத்தில் 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் அவ்வாறே செய்யப்பட்டது. இருக்கையைச் சட்டம் வாங்கிக் கொடுக்கலாம். மரியாதையை எந்தச் சட்டசபை வாங்கிக் கொடுக்கும்?

"காசு கொடுத்தவனுக்குக் கேட்க வாயில்லையா?" என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்குச் சேர வேண்டிய ஒட்டகத்தைக் கடுமையாகப் பேசிக் கேட்டார். தோழர்கள் அவர் மீது பாய முற்பட்டார்கள். உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு என்ற கருத்தைக் கூறி, அண்ணலார் அவர்களைத் தடுத்தார்கள். அவருக்குரியதைவிட மேலான ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். புகாரி ஷரீபில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

ஆகவே, வாங்கிய பொருள் பழுதானால் கேட்கலாம். கணக்குத் தவறினால் கேட்கலாம். விடாமல் கேட்டு நம் உரிமையைப் பெறலாம். ஆனால் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் தமக்குக் கடன்பட்டவரிடமே கேட்டார். நாமோ, நமக்கு எதுவும் கடன்படாத ஒருவரை நிற்க வைத்துக் கேட்கிறோம். மின்விசிறியைப் பழுதாகச் செய்தவர் கடைச் சிப்பந்தி அல்லர். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் தொலைபேசியில் பேசும் பெண்ணிடம் பெரும்பாலும் இருப்பதில்லை; நிறுவனம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் சொல்கிறார். சாலை நெரிசலை உண்டாக்கியவர் உணவு கொண்டுவரும் இளைஞர் அல்லர். நம் வசை முதலாளியின் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. இடையில் நிற்பவர் தம் குடும்பத்தின் அரிசிக்காக அதை வாங்கிக்கொள்கிறார்.

திருப்பிப் பேசினால் வேலைக்கு ஆபத்து என்பதால் அவர் மௌனமாக இருக்கிறார். அவர் பொறுத்துக்கொண்டார் என்பதனால் மன்னித்துவிட்டார் என்று எண்ணிவிடலாமா? வாய் திறக்க முடியாதவர் முன் வாய் திறப்பது வீரமுமன்று, நியாயமுமன்று.

நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேச முனைந்தால், இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்னும் அறிவிப்பைப் பல இடங்களில் கேட்கிறோம். கேட்டவுடன் சிலர் குரலைத் தாழ்த்திக் கொள்வதும் உண்டு. கண்ணியமிக்க எழுத்தாளர்களான மலக்குகள் நம் செயல்களைப் பதிவு செய்கிறார்கள் என்று இன்ஃபிதார் அத்தியாயம் அறிவித்திருப்பதை ஓதிய நாம், அந்தப் பதிவுக்காகக் குரலைத் தாழ்த்த வேண்டாமா?

அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் குறை வைத்தவன், உள்ளம் உருகித் தௌபாச் செய்தால் அவன் மன்னிப்பான் என்று ஆதரவு வைக்கலாம். அடியாரின் ஹக்கு அப்படியன்று. உரியவரிடமே ஹலால் வாங்க வேண்டும். தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் இங்கேயே தீர்த்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டுவந்தும், பிறரை ஏசியதாலும் வதைத்ததாலும் தன் நன்மைகளை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து ஓட்டாண்டியாகும் மனிதனைப் பற்றி முஸ்லிம் ஷரீபில் படிக்கிறோம்.

அண்டை வீட்டாரை ஏசிவிட்டால், மறுநாள் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம். உறவினரைப் புண்படுத்தினால், பெருநாளன்று முஸாபஹாச் செய்து தீர்த்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத, முகமும் தெரியாத, எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியாத ஒரு குரலை ஏசிவிட்டால், ஹலால் வாங்க எங்கே போவது? மீண்டும் அதே எண்ணுக்குப் பேசினால் வேறொருவர் எடுப்பார். இத்தகையவர்களைப் பற்றித்தான் நாம் மிக அலட்சியமாக இருக்கிறோம். உண்மையில் மிக அதிகமாக அஞ்ச வேண்டியது இவர்களிடம் படும் கடனுக்கே.

ஹள்ரத் அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதில் நாயகத்திடம் பணிக்கு வந்து, பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் "சீ" என்ற ஒரு சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற கேள்வியும் எழுந்ததில்லையாம். பணி செய்பவரிடம் குறையே வராமலா இருந்திருக்கும்?

எனவே, குறையைச் சொல்வோம்; ஆளைக் குறை சொல்ல வேண்டாம். அவரால் இயலாதென்றால், மேலாளரிடம் பேச வழி கேட்போம். சினத்தில் ஒரு சொல் தவறிவிட்டால், கடைப்படி இறங்குமுன், தொலைபேசியை வைக்குமுன், "தவறாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே கூறிவிடுவோம். அந்தச் சந்தர்ப்பமும் கைநழுவி, இனி அவரைக் காணவே இயலாதென்றால், அவருடைய நலனுக்காக துஆச் செய்து, அல்லாஹ்விடம் பிழைபொறுக்கத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. நம் குழந்தைகள் அருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறவாதிருப்போம்.

பிறர் ஹக்கைச் சுமந்துகொண்டு மஹ்ஷரில் நிற்கும் இழிவிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.