சந்தேகத்தோடு வாங்குவது

அக்ரிலிக் எழுத்து, பெயர்ப்பலகை, கடைக்கான டிஸ்ப்ளே ஸ்டாண்டு என்று செய்து தரும் சிறிய பட்டறைகளில் பெரும்பாலும் லேசர் எந்திரம் ஏற்கெனவே இருக்கும். ஒரு கட்டத்தில் அது போதாமல் போகிறது. பாலிகார்பனேட்டை லேசரில் வைத்தால் விளிம்பு பழுப்பேறிக் கருகும். பி.வி.சி. ஃபோம் ஷீட்டை வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் எந்திரத்தின் இரும்பையும் சேர்த்தே அரிக்கும். அப்போதுதான் சுழலும் பிட்டால் வெட்டும் சி.என்.சி. ரௌட்டர் வாங்கும் பேச்சு எழுகிறது. எதை வாங்குவது என்பதை விலைப்பட்டியலை வைத்துத் தீர்த்துவிடக்கூடிய வியாபாரக் கேள்வியாகவே பலரும் பார்க்கிறார்கள். எனக்கு அது அறிவைப் பற்றிய பழைய தத்துவச் சிக்கலாகப் படுகிறது. ஸ்பிண்டில் எத்தனை கிலோவாட், மேசை எத்தனை அடி, மோட்டார் ஸ்டெப்பரா செர்வோவா என்பதெல்லாம் நம் வேலைக்கு என்ன வித்தியாசம் செய்யும் என்று தெரிய, எந்திரத்தை ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்; ஓட்டிப் பழக, வாங்கியிருக்க வேண்டும். இன்னதென்று தெரியாத ஒன்றைத் தேடுவது எப்படி, கிடைத்தாலும் அதுதான் இது என்று அடையாளம் காண்பது எப்படி என்று பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலில் ஒரு கேள்வி வரும். முதல் எந்திரம் வாங்கப் போகிறவர் நிற்பது அந்த இடத்தில்தான்.

இந்த அறியாமையைப் படித்துப் போக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் முடியும். அக்ரிலிக் வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். புதியவர் பயந்து ஃபீடைக் குறைப்பார். மெதுவாகப் போனால் சேதம் குறையும் என்பது கையால் வேலை செய்த யாருக்கும் இயல்பாக வரும் எண்ணம். பிளாஸ்டிக்கில் அதுதான் சேதத்துக்கே காரணம். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் ஒற்றை வெட்டுவாய் பிட்டை நிமிடத்துக்கு 1,800 மி.மீ. வேகத்தில் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் 0.1 மி.மீ. கனத்தில் சீவல் வருகிறது. வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தை அந்தச் சீவல் தன்னோடு வெளியே கொண்டுபோகிறது. ஃபீடை 600 ஆகக் குறைத்தால் பிட் சீவுவதை விட்டுவிட்டு உரசத் தொடங்கும். வெப்பம் போக வழியில்லை. சுமார் 105 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அக்ரிலிக் இளகி பிட்டைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது; வெட்டிய பள்ளம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. காஸ்ட் ஷீட் கொஞ்சம் பொறுத்துப் போகும், எக்ஸ்ட்ரூடட் ஷீட் போகாது. இதைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் சத்தம் மாறும் அந்தக் கணத்தில் வேகத்தைக் கூட்டும் துணிச்சல் படிப்பதால் வருவதில்லை.

அப்படியானால் நிச்சயமில்லாமல் பெரிய காரியத்தில் இறங்குவது அறிவீனமா? நம் தத்துவ மரபில் இந்தக் கேள்வியை நியாயத் தரிசனத்தாரும் மீமாம்சகர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அலசியிருக்கிறார்கள். ஓர் அறிவு சரியானது என்பது அதிலேயே விளங்கிவிடும், தவறென்று பிறகு தெரிந்தால்தான் கைவிட வேண்டும் என்றது மீமாம்சை. இல்லை, அதை நம்பிச் செயலில் இறங்கிப் பலன் கிடைத்த பிறகே அது சரியான அறிவு என்று உறுதியாகும் என்றது நியாயம். எதிர்த் தரப்பு உடனே மடக்கியது: செயல்பட்ட பிறகுதான் அறிவு உறுதியாகும், அறிவு உறுதியானால்தான் செயல்பட முடியும் என்றால் சுற்றிச் சுற்றி வருவதல்லவா? நியாயத்தின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. செயலில் இறங்க நிச்சயம் தேவையில்லை, சந்தேகமே போதும் என்றார்கள். 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஜயந்த பட்டர் இதற்கு ஓர் எல்லையும் வகுத்தார். கண்முன் பலன் தெரியும் அன்றாடக் காரியங்களில் முன்கூட்டி நிச்சயம் தேட வேண்டியதில்லை. பெரும் பொருளைச் செலவிட்டு, பலன் கண்ணுக்குத் தெரியாத வேள்வி போன்றவற்றில் முதலிலேயே உறுதி செய்துகொண்டாக வேண்டும்.

ரௌட்டர் வாங்குவது இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. பலன் கண்ணுக்குத் தெரிவதுதான், செலவோ வேள்விச் செலவு. எனவே சந்தேகம் முழுதும் தீரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை, தீர்ந்துவிட்டதாகப் பாவித்துக்கொண்டு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதிலும் பொருளில்லை. செய்யக்கூடியது, செலவைச் சந்தேகத்தின் அளவுக்குச் சுருக்குவது. தன் பிழையை ஒளிக்காமல் காட்டும் எந்திரமாகப் பார்ப்பது.

அனுபவசாலியைக் கேட்டால் போயிற்று என்று ஒருவர் சொல்லலாம். நம்பத் தகுந்தவர் சொல்லையும் நியாயம் ஓர் அறிவு வழியாக ஏற்கிறது. ஆனால் அவருக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். பொருளை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் இருக்க வேண்டும். மர வேலைக்கு ரௌட்டர் ஓட்டுபவரிடம் இரண்டாவது இருக்கிறது, பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை முதலாவது இல்லை. விற்பவரிடம் முதலாவது இருக்கலாம்; இரண்டாவதை அவர் மாதக் கடைசி இலக்கு கெடுத்துவிடும், ஆயுத பூஜைச் சலுகைக் காலமென்றால் கேட்கவே வேண்டாம். அவர் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம் மேசையில் அகலமான ஷீட்டை வைத்து வெட்டிக் காட்டுவார், அது அசையாது. பம்பு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ வீதம் பிடிக்கிறது என்றால் ஓரடி சதுரத் துண்டின் மேல் நானூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. அதே பம்பு 3 சென்டிமீட்டர் சதுர எழுத்துத் துண்டை நாலரைக் கிலோ அளவுக்குத்தான் பிடிக்கும். பிட்டின் இழுப்பில் அது பறக்கும். உங்கள் பட்டறையின் பிழைப்பே சின்ன எழுத்துகள் என்றால் அவர் காட்டியதில் பொய் இல்லை, உங்களுக்குப் பயனும் இல்லை.

பிழை காட்டும் எந்திரம் என்றது அலங்காரத்துக்காக அல்ல. சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. இத்தனை ஸ்டெப் நகர் என்ற கட்டளையில் நான்கைத் தவறவிட்டாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சரி என்றே நினைத்து மேலே வெட்டிக்கொண்டு போகும். முழு ஷீட்டும் வீணான பிறகுதான் நமக்குத் தெரியும். இருக்கும் இடத்தை அளந்து சொல்லும் என்கோடர் உள்ள மோட்டார் தவறியதை உணர்ந்து சரிசெய்யப் பார்க்கும், முடியாவிட்டால் அலாரம் அடித்து நிற்கும். என்னைக் கேட்டால், கற்கிறவருக்கு இரண்டடி கூடுதல் மேசையைவிட இந்த ஒரு குணத்துக்குப் பணம் கொடுப்பது மேல். அதேபோல், வாங்கும் முன் ஒரு வட்டம் வெட்டச் சொல்லிப் பார்க்கலாம். அச்சு திசை திரும்பும் நான்கு புள்ளிகளில் விரலை ஓட்டும்போது சிறு தட்டையோ படியோ தட்டுப்பட்டால், உள்ளே எங்கோ ஆட்டம் இருக்கிறது.

பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்று கீதையைக் காட்டி இந்தக் கணக்கையெல்லாம் சிலர் தள்ளக்கூடும். பற்றை விடச் சொன்னதை ஆராய்ச்சியையும் விடச் சொன்னதாக எடுத்துக்கொள்வது சோம்பலுக்கு வசதி. மாதத் தவணை பற்றில்லாமலேயே வந்து நிற்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சின்னதாக வாங்கினால் ஓராண்டில் மறுபடியும் வாங்க நேரும், இரண்டு செலவு. இதில் பாதி உண்மை. மறுபாதி, எந்திரம் வந்ததும் வேலையே மாறிவிடுகிறது என்பது. சில தேர்வுகள் தேர்ந்தெடுப்பவரின் விருப்பங்களையே மாற்றிவிடுவதால் அவற்றை முன்கூட்டி எடைபோட முடியாது என்று தத்துவ அறிஞர் எல்.ஏ. பால் 2014இல் வந்த தம் நூலில் வாதிட்டார். பலகை செய்துகொண்டிருந்தவர் ரௌட்டர் வந்த பின் எந்திரக் காப்பு மூடிகளுக்கு ஆர்டர் எடுக்கிறார். அந்தப் புதியவருக்கான எந்திரத்தைப் பழையவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்? ஆனால் எட்டுக்கு நான்கு அடி ஷீட்டை முழுதாக வெட்டுவதே தொழில் என்ற பட்டறைக்குச் சிறிய மேசை எதையும் கற்றுத்தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே சந்தேகத்தைச் சுருக்கும் வழி வேறு. பெரிய ரௌட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் சில மாதம் ஜாப் வொர்க் கொடுக்கலாம். தன் ஷீட், தன் ஃபைல், வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நிற்க அனுமதி என்ற மூன்றையும் முதலிலேயே பேசிக்கொண்டு.