அளந்து போடுதல்

“அளந்து போடுகிறவர்” என்றால் எங்கள் ஊரில் அது ஏச்சு. கணக்குப் பாராமல் போடுகிற கைக்குத்தான் அங்கு மரியாதை. அந்த மனதோடுதான் நாங்கள் ஐரோப்பியக் குசினிகளுக்கு வந்து சேர்ந்தோம். இங்கு கோப்பை கழுவுகையில், குப்பைக்குப் போகும் பாணையும் உருளைக்கிழங்கையும் எந்த வாய்க்காவது கொடுக்கக்கூடாதா என்று தோன்றும். ஜேர்மனியில் நகரங்களை அடுத்த புல்வெளிகளில் இப்போது அல்பாக்காக்களைக் காணலாம். வேலியோரம் போனால் கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். கொடுத்தால் என்ன?

அல்பாக்கா அந்தீஸ் மலையின் பிராணி. பெரு, பொலிவியா நாடுகளில் ஏறத்தாழ 4000 மீற்றர் உயரத்து மேட்டுநிலங்களில் முரட்டுப் புல்லைத் தின்று வாழப் பழகியது. அந்த வறிய நிலத்துக்கேற்ற மூன்று அறை வயிறு அதற்கு. நாரை நீண்டநேரம் வைத்துப் புளிக்கவிட்டு, இருக்கிற சத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். 60 கிலோ எடையுள்ள ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவிலான காய்ந்த புல் போதும். அதில் 8 முதல் 10 வீதம் புரதம் இருந்தால் சரி. பாலூட்டும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் இங்குள்ள செழித்த புல்லும் தானியமும் அதைக் கொழுக்க வைத்துவிடுகின்றன. பாணோ வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. மிஞ்சினால் உயிரையே எடுக்கும். குசினிக் கழிவைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பதை, நோய் பரவும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் தடுக்கிறது.

இன்னொன்று இங்கு அதற்குக் கிடைப்பதேயில்லை: மலையின் வெயில். வடக்கின் மாரியில் விற்றமின் டி குறைந்து, குட்டிகளின் எலும்பு மெலிந்து கால் வளைகிறது. அதையும் மருந்தாக அளந்துதான் கொடுக்க வேண்டும். கூடினால் அதுவே நஞ்சு. எங்களில் பலருக்கும் மாரியில் வைத்தியர் எழுதித் தருவது அதே விற்றமின்தான்.

அப்படியானால் அளப்பதுதான் அறமா? இங்கே நாங்கள் அவசரப்பட முடியாது. “உங்களுக்கு இது போதும்” என்ற வசனத்தை நாங்கள் நன்கு அறிவோம். 1993 இல் ஜேர்மனியில் வந்த சட்டம், தஞ்சம் கோரியவர்களுக்குப் பணத்தைவிடப் பொருளாகக் கொடுப்பதையே முதன்மையாக்கியது. பல முகாம்களில் உணவு பொதியாக வந்தது. அந்தப் பொதியும் அளந்ததுதான். ஆனால் அந்த அளவு உண்பவரின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டதல்ல. இன்னும் ஆட்கள் வரக்கூடாதே என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. அச்சட்டத்தின் உதவித்தொகை ஆண்டுக்கணக்காக உயர்த்தப்படவில்லை. அது போதாது என்றும், குடிவரவைக் கட்டுப்படுத்துவதற்காக மனித கண்ணியத்தைக் குறைக்க முடியாது என்றும் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது 2012 இல்.

அல்பாக்காவை நன்றாக வளர்ப்பவர் எப்படி அளக்கிறார்? கண்ணால் பார்த்து அல்ல. எலும்பும் தோலுமாக இருந்தாலும் கம்பளி அதைக் கொழுத்ததாகவே காட்டும். ஆகவே கம்பளிக்குள் கையை விட்டு முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிறார். ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு கணக்கு: எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் ஒன்று, கொழுப்பில் புதைந்திருந்தால் ஐந்து, மூன்று நல்லது. அதன் பிறகே புல்லைக் கூட்டுவதும் குறைப்பதும். வாய் பேசாத பிராணிக்கு இதுதான் நாங்கள் கேட்கக்கூடிய கேள்வி. வாய் பேசும் மனிதரிடமோ நேரே கேட்கலாம். கேளாமல் அளப்பதுதான் அவமானம்.

ஆனால் இந்த நியாயம் எங்கள் பக்கமும் திரும்புகிறது. நீரிழிவோடு விருந்துக்கு வந்த மாமா “எனக்குப் போதும்” என்று கையால் மறைத்த பின்னும், இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டுவிட்டு அதை அன்பு என்கிறோம். அவருடைய “போதும்” எங்கள் காதில் விழுவதில்லை. பொதி கட்டியவருக்கு எங்கள் “போதாது” விழாததுபோலத்தான். ஒருவர் குறைத்துப் போட்டார், மற்றவர் கூட்டிப் போட்டார். இருவருமே உண்பவரைக் கேட்கவில்லை.