ஆண்டிக்குக் கூலி எதில் கொடுப்பது?



போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை வைத்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். இணையத்தில் பொருள் விற்கும் ஒருவர் "நான் பிட்காயினும் வாங்கிக்கொள்வேன்" என்று சொன்னால், அதனால் யாருக்கு நன்மை? கேட்பதற்குப் பொருளாதாரப் பாடத்துக் கேள்வி மாதிரி இருக்கும். எனக்கு அது தர்மக் கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது.

நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கிள்ளானில் என் அம்மா தீபாவளி சமயத்தில் முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி செய்து விற்பார். பக்கத்து வீட்டு ஆண்டி மாவு பிசைய, பிழிய வருவார்; அவருக்கு நாள் கூலி. ஆர்டர் எடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் போடுவது, காசு வந்ததா என்று பார்ப்பது என் வேலை.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அந்த மாதம் முதல் வாரத்தில் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும் சீனியர் அண்ணன் ஒருவர் மெசேஜ் அனுப்பினார். இங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 16 டின் வேண்டுமாம். ஒரு டின் 40 வெள்ளி, மொத்தம் 640 வெள்ளி. "தம்பி, பிட்காயின்ல அனுப்பட்டா? பேங்க் வழியா அனுப்பினா அங்க ஒரு கட்டணம், ரேட்ல ஒரு வெட்டு" என்றார்.

எனக்கு ஒரே குஷி. என்னிடம் ஏற்கெனவே கணக்கு இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. "நம்ம முறுக்குக் கடை எங்க போயிடுச்சு பாத்தியா" என்று தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டேன். அதை உடனே வெள்ளியாக மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை. அந்த வாரம்தான் பிட்காயின் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டிருந்தது. இன்னும் ஏறட்டும், அம்மாவுக்கு 700 வெள்ளியாகக் கொடுத்து அசத்தலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 10-ஆம் தேதி அமெரிக்க அதிபர் சீனப் பொருள்களுக்கு மேலும் 100 விழுக்காடு வரி போடப்போவதாக அறிவித்தார். சில மணி நேரத்தில் பிட்காயின் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மறுபடி ஏறும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். ஏறவில்லை. கடைசியில் விற்றபோது கையில் வந்தது 550 வெள்ளிக்கும் கீழே.

அன்று இரவு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் லாரி ஓட்டுநர். பிட்காயின் என்றால் என்ன என்று கேட்கவில்லை, திட்டவும் இல்லை. "சரிப்பா, ஆண்டிக்குக் கூலி எதுல கொடுப்ப? அந்தக் காயின்லயா?" என்று மட்டும் கேட்டார்.

டியூஷன் சொல்லிக்கொடுத்து சேர்த்த காசிலிருந்து குறைந்ததைப் போட்டுச் சமன் செய்துவிட்டேன். பெரிய நஷ்டம் இல்லைதான். ஆனால் அப்பாவின் கேள்வி என்னை விடவில்லை. வாஷிங்டனில் ஒருவர் அறிவிக்கும் வரிக்கும் எங்கள் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. நான்தான் இழுத்து வந்து சேர்த்தேன், ஆண்டியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.

அதற்குப் பிறகு இந்த விவகாரத்தின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 2008 அக்டோபர் 31-இல் சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரைதான் பிட்காயினின் தொடக்கம். நடுவில் வங்கி இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு நேராகக் கொடுக்கும் மின்காசு என்பதே அதன் நோக்கம். ஆக, செலவு செய்வதற்காகத்தான் அது பிறந்தது. 2010 மே 22-இல் புளோரிடாவைச் சேர்ந்த லாஸ்லோ ஹன்யெட்ஸ் என்பவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த பீட்சாக் கடை பிட்காயின் வாங்கவே இல்லை. இன்னொருவர் பிட்காயினை வாங்கிக்கொண்டு, கடைக்குச் சாதாரணக் காசு கட்டி ஆர்டர் செய்தார்.

பிறகு வந்த பெரிய கடைகளும் ஏறக்குறைய இதையேதான் செய்தன. 2014-இல் ஓவர்ஸ்டாக், டெல், மைக்ரோசாஃப்ட் என்று வரிசையாகப் பிட்காயினை ஏற்கத் தொடங்கினார்கள். ஆனால் நடுவில் காயின்பேஸ், பிட்பே போன்ற ஒரு நிறுவனம் நின்று, வாடிக்கையாளர் கொடுக்கும் பிட்காயினை அந்த நிமிடமே டாலராக மாற்றிக் கடைக்குக் கொடுக்கும். விலை சரிந்தால் கடைக்கு ஒன்றும் ஆகாது. வாசலில் "பிட்காயின் ஏற்கப்படும்" என்று பலகை, கல்லாவில் டாலர். நடுவர் வேண்டாம் என்று பிறந்த காசைச் செலவழிக்கவே ஒரு நடுவர் தேவைப்பட்டார்!

வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் கதை இன்னும் தெளிவானது. 2016-இல் ஏற்கத் தொடங்கி 2017 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு பரிவர்த்தனைக்கு ஏறத்தாழ 20 அமெரிக்க காசாக இருந்த கட்டணம் 20 டாலர் வரை போனதுதான் ஒரு காரணம். இன்னொன்று விலை ஆட்டம். பணம் உறுதியாவதற்குள் விலை மாறிவிட்டால், வாடிக்கையாளர் மிச்சத்தைக் கட்ட வேண்டும் அல்லது கடை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மறுபடியும் கட்டணம்.

என் படிப்புக்குப் பக்கத்தில் இருக்கிற விஷயம் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் புதிய கணக்குக் கட்டு எழுதப்படும். உலகம் முழுவதற்கும் சேர்த்து நொடிக்கு ஏழு பரிவர்த்தனைகளைத் தாண்டுவது கஷ்டம். கூட்டம் சேர்ந்தால் அதிகக் கட்டணம் கொடுப்பவருக்கே முதலிடம். இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. யாரும் தனியாகக் கணக்கை மாற்ற முடியாதபடி செய்ததற்குக் கொடுத்த விலை அது. லைட்னிங் போன்ற மேலடுக்கு வழிகள் சிறு தொகைகளை வேகமாக அனுப்ப உதவுகின்றன. அதனால் வேகத்தை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகவே பார்க்கிறேன், தீர்க்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காயின்தான் இருக்கும் என்று விதி. அதனால் விலை ஏறும் என்று நம்புகிறவர்கள் அதைப் பூட்டி வைப்பார்கள். செலவு செய்கிறவர் ஏமாளி ஆவார். அந்த பீட்சாக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பது அதனால்தானே? காசைக் காசாகப் பயன்படுத்திய ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். நான் அம்மாவின் 640 வெள்ளியை மாற்றாமல் வைத்திருந்ததும் இதே ஆசையால்தான்.

இதையெல்லாம் என் ரூம்மேட்டிடம் சொன்னபோது அவன் விடவில்லை. "உனக்கு பேங்க் இருக்கு, நீ பேசுவ லா. பேங்கே கைவிட்டவன் என்ன செய்வான்?" என்றான். நியாயமான கேள்வி. லெபனானில் 2019-இலிருந்து மக்கள் சேமித்த காசையே வங்கிகள் எடுக்கவிடாமல் முடக்கின. அந்நாட்டு நாணயமும் மதிப்பிழந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கடைக்காரர் கிரிப்டோ வாங்கினால் அது விளையாட்டில்லை, பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் காசு அனுப்பும் தொழிலாளிக்கும் இது சின்ன விஷயமில்லை. உலக வங்கிக் கணக்குப்படி 200 டாலர் அனுப்பினால் சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் கட்டணத்திலும் ரேட்டிலும் போய்விடுகிறது. என் சீனியர் அண்ணன் சொன்னதும் பொய்யில்லை.

விலை ஆட்டத்துக்கு மருந்தாக டாலரோடு கட்டிய ஸ்டேபிள்காயின்கள் வந்திருக்கின்றன. 2025-இல் ஷாப்பிஃபை தன் கடைகளில் அப்படி ஒன்றை ஏற்கத் தொடங்கியது. என் அனுபவத்தில் நடந்த சரிவு அதில் நடந்திருக்காது. ஆனால் அங்கே காயினை வெளியிடும் நிறுவனத்தை நம்பியாக வேண்டும். 2022 மே மாதத்தில் டெர்ரா நிறுவனத்தின் காயின், டாலரோடு இருந்த பிடி அறுந்து, நம்பியவர்களோடு சேர்ந்து விழுந்தது. நம்பிக்கையே தேவையில்லாத காசு என்பார்கள். யாரை நம்புவது என்பதுதான் மாறுகிறது.

எல் சால்வடோர் நாடு 2021 செப்டம்பர் 7-இல் பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக ஆக்கியது. கடைக்காரர்கள் அதை ஏற்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. அரசாங்க ஆப்பைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். அப்படியும் அன்றாடப் புழக்கத்தில் டாலர்தான் நின்றது. அனைத்துலக நாணய நிதியத்தின் கடன் உடன்பாட்டுக்குப் பிறகு, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, ஏற்பது அவரவர் விருப்பம் என்று மாற்றினார்கள். அங்கேயும் சந்தையில் பலகாரம் விற்கும் ஓர் அம்மா இருந்திருப்பார், அவருக்குக் கூலி கொடுக்க ஓர் ஆண்டி இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் பேங்க் நெகாரா கிரிப்டோவைச் சட்டப்பூர்வப் பணமாக ஏற்கவில்லை. அதை வாங்கி விற்கும் தளங்களைப் பாதுகாப்பு ஆணையம் 2019-இலிருந்து கண்காணிக்கிறது. பசார் மாலாமில் அப்பளம் விற்பவர்கூட டூயிட்நவ் கியூஆர் வைத்திருக்கிறார். அடுத்த நொடி காசு கணக்கில் விழுகிறது. எங்கள் முறுக்குக் கடைக்கு இங்கே தீராத பிரச்சினை ஏதும் இருக்கவில்லை. அப்படியென்றால் நான் ஏன் ஏற்றேன்? புதியது என்பதால். நான் புத்திசாலி என்று தெரிய வேண்டும் என்பதால். கொஞ்சம் ஆசையால். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆனது.

திருக்குறளில் அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70 அதிகாரம். பொருளைப் பற்றி அவ்வளவு சொன்ன வள்ளுவர், வணிகம் எப்படிச் செய்வது என்பதை அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வணிகம் என்பது அவர் கருத்து. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது தராசைப் பற்றியது என்று நினைத்தேன். எடை குறைக்காதே, கலப்படம் செய்யாதே, அவ்வளவுதான் என்று. இப்போது எனக்கு வேறு மாதிரி புரிகிறது. அடுத்தவரின் உழைப்பை, அவரைக் கேட்காமல், நான் சூதாடும் பலகையில் வைப்பதும் எடை குறைப்பதுதான்.

அதனால் கிரிப்டோ நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் நான் இப்போது வேறு கேள்வி கேட்கிறேன். இந்தச் சங்கிலியில் நஷ்டத்தைத் தாங்கும் சக்தி யாருக்கு மிகக் குறைவு? அவருக்கு இது பயத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? லெபனானில் ஒரு கடைக்காரருக்குக் குறைக்கலாம். கிள்ளானில் ஆண்டிக்குக் கூட்டியது. தொழில்நுட்பம் ஒன்றுதான், பதில் இரண்டு. ஓவர்ஸ்டாக் போன்ற கம்பெனி ஆபத்தை உடனே கைமாற்றிவிடும். அதற்கு வசதி இருக்கிறது. சின்னக் கடை வைத்திருக்கிறவர் அந்த ஆபத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "நானும் ஏற்கிறேன்" என்று பெருமைப்படுவார். நான் பட்டதைப் போல.

நம்மில் பலர் இப்போது படிக்கும்போதே இணையத்தில் ஏதாவது விற்கிறோம்: கேக், ஜிமிக்கி, டி-ஷர்ட், பழைய புத்தகம். வாடிக்கையாளர் நாளைக்கு உங்களிடமும் கேட்பார். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஏற்றால், விலையை வெள்ளியில் சொல்லுங்கள், வந்த நிமிடமே மாற்றுங்கள். பந்தயம் கட்ட ஆசை இருந்தால் உங்கள் பங்கு லாபத்தில் கட்டுங்கள். கூலியும் மாவுக் காசும் அதில் சேராது.

சீனியர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அடுத்த தீபாவளிக்கும் காயின்லதான் அனுப்புவேன், நீ மாத்திக்கோ" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டியிடமும் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "என் கூலியை மட்டும் கையில கொடுத்துடு தம்பி" என்றார்.